மேலிடம் சொன்னது, கையெழுத்து என்னுடையது

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் விளங்கிக்கொள்ளட்டும் என்று முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் ஒரு அரச கந்தோரில், காணிப் பகுதியில் வேலை பார்க்கிறீர்கள். ஒரு வயதானவரின் பேர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) பற்றிய பைல் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. நேரில் போய்ப் பார்த்ததாகவும், காணி பராமரிப்பில்லாமல் கிடப்பதாகவும் குறிப்பு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு. நீங்கள் அங்கே போகவும் இல்லை, பார்க்கவும் இல்லை. சபையில் ஒரு மூத்தவரிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் வேதாகமத்தில் ரோமர் 13 ஐ, அதாவது ரோமாபுரிச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதின கடிதத்தின் 13 ஆம் அதிகாரத்தை, விரித்து "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை" என்று வாசித்துவிட்டு, நீ கீழ்ப்படி, பாவம் இருந்தால் அது சொன்னவன் தலையில் என்றிருக்கிறார். இது சரியா? எல்லா அதிகாரமும் கடவுள் கொடுத்ததென்றால் அநியாயக்கார அதிகாரிக்கும் கடவுள்தான் பொறுப்பா? பிறகு, கடைசி வரியில், வேலை போனால் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? மூன்றாவதைப் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாத கேள்வி என்று எனக்குப் படுகிறது.

பாவம் சொன்னவன் தலையில் மட்டும் விழும் என்ற கணக்கு வேதாகமத்தில் எங்கும் இல்லை. அதிகாரம் மேலிருந்து வருகிறது என்று சொல்லும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், பக்கத்திலேயே ஒரு விசாரணை நிற்கும். கொடுத்தவர் கணக்குக் கேட்பார் என்பதற்காகத்தான் கொடுத்தவர் யார் என்றே சொல்லப்படுகிறது. உங்கள் மூத்தவர் முதல் பாதியை வாசித்துவிட்டு மற்றப் பாதியை மடித்து வைத்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, எங்கள் சபைகளில் பலகாலமாக இதுதான் நடக்கிறது. சுதந்திர தின ஆராதனை, தேர்தல் முடிந்த ஞாயிறு, யாராவது பெரிய உத்தியோகத்தர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற நாள், இப்படியான நேரங்களில்தான் ரோமர் 13 வெளியே வரும்.

சரி, அந்த 13 ஆம் அதிகாரத்தையே பார்ப்போம். பவுல் இதை ஏறக்குறைய கி.பி. 57 இல் கொரிந்துவிலிருந்து எழுதியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. ரோமப் பேரரசன் நீரோ ஆட்சிக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, ரோமாபுரி எரிந்து கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றது அதற்குப் பிறகு, 64 இல். அவனுக்கு முந்திய கிலவுதியு ராயன் யூதர்களை நகரத்தைவிட்டுத் துரத்தியதும், அவர்களில் சிலர் மெல்ல மெல்லத் திரும்பி வந்ததும் அப்போது பழைய கதை ஆகியிருக்கவில்லை. அங்கே இருந்த கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடுகிற சின்னச் சின்னக் குழுக்கள், வரிப் பிரச்சினையில் ஒரு கலகம் வந்தால் முதல் அடி அவர்கள் மேல்தான் விழும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வரி கட்டுங்கள், அதிகாரிகளோடு வம்புக்குப் போகாதீர்கள் என்று எழுதுகிறார். பவுல் அங்கே ஒரு அரசியல் தத்துவம் எழுத உட்காரவில்லை.

வேதாகமப் புத்தகங்களை இன்றைய அதிகாரங்களாக, அதாவது அத்தியாயங்களாக, பிரித்தது 13 ஆம் நூற்றாண்டில்தான் என்பதையும் மறக்கக்கூடாது. பவுலின் கடிதத்தில் 12 க்கும் 13 க்கும் நடுவில் கோடு எதுவும் இல்லை. 12 இன் கடைசியில் பழிவாங்காதீர்கள், தீமையை நன்மையினாலே வெல்லு என்கிறார், அந்த மூச்சிலேயே ஆளுகிறவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். நாலாம் வசனம் அவனுக்கு ஒரு வேலையும் கொடுக்கிறது: "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" அவன் தேவ ஊழியக்காரன். உத்தியோகத்தின் பெயர் ஊழியக்காரன், வேலை நன்மை செய்வது. வேலையைச் செய்யாத ஊழியக்காரனை எஜமான் என்ன செய்வார் என்பதைப் பவுல் அங்கே விரித்துச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை, அவர் வாசித்து வளர்ந்த தீர்க்கதரிசிகள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஐந்து வசனம் கீழே வாருங்கள். ஒன்பதாம் வசனத்தில், எங்கள் பழைய மொழிபெயர்ப்பில், "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்று பச்சையாகவே இருக்கிறது. போகாத இடத்துக்குப் போனேன் என்று எழுதச் சொல்கிறவருக்கு ரோமர் 13 ஐ வைத்துக் கீழ்ப்படியலாம் என்று சொன்னவர், அதே பக்கத்தில் கண்ணை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கலாம்.

இதை எழுதின மனுஷன் அதிகாரிகளோடு எப்படி நடந்துகொண்டார் என்பது அப்போஸ்தலர் 16 இல் இருக்கிறது. ரோமர் கடிதத்துக்குச் சில வருடங்களுக்கு முந்திய சம்பவம். பிலிப்பியில் குறிசொல்லும் ஒரு அடிமைப் பெண்ணைப் பவுல் குணமாக்கிவிட, அவளை வைத்துச் சம்பாதித்த எஜமான்களுக்கு வருமானம் நின்றுபோகிறது. பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதிகாரிகள் விசாரிக்கவே இல்லை, வஸ்திரங்களைக் கிழித்து, தடியால் அடிப்பித்து, சிறையில் போட்டுவிட்டார்கள். விடிந்ததும் சேவகர்களை அனுப்பி, சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். எங்கள் ஆட்களாக இருந்தால் தப்பினோம் பிழைத்தோம் என்று ஓடியிருப்போம். பவுல் அசையவில்லை. ரோமப் பிரஜைகளான எங்களை விசாரணை இல்லாமல் எல்லோருக்கும் முன்னால் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறார்களா, "அப்படியல்ல, அவர்களே வந்து" எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து, தயவாய்ப் பேசி வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் கலகம் பண்ணவில்லை, சிறைக்கதவு திறந்து கிடந்தபோது ஓடவும் இல்லை. ஆனால் உங்கள் சட்டத்தை நீங்களே மீறினீர்கள், வந்து முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். ரோமர் 13 ஐ எழுதின கைக்குச் சொந்தக்காரர் கீழ்ப்படிவு என்று எதை நினைத்தார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு நேரடியான இடம் யோவான் 19. ரோமத் தேசாதிபதி பிலாத்து இயேசுவைப் பார்த்து, உன்னைச் சிலுவையில் அறையவும் விடவும் எனக்கு அதிகாரம் உண்டு, தெரியாதா என்கிறான். இயேசு சொல்கிற பதில்: "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது, ஆனபடியினாலே என்னை உம்மிடத்தில் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு." அதிகாரம் மேலிருந்து வந்தது என்று இயேசுவே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் பிலாத்து குற்றமற்றவன் என்றல்லவா அடுத்த வரி வரவேண்டும்? வரவில்லை. அதிக பாவம் என்கிறார். ஒருவனுக்கு அதிகம் என்றால் மற்றவனுக்கும் ஒரு அளவு இருக்கிறது. பாவம் பங்கு பிரிக்கப்படுகிறது, ஆனால் ஒருவன் பங்கை எடுத்து இன்னொருவன் தலையில் கட்டிவிட முடியாது. (அந்த ஒப்புக்கொடுத்தவன் யூதரின் பிரதான ஆசாரியன் காய்பா என்பது பரவலான விளக்கம். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு இனத்தையே நூற்றாண்டுக்கணக்கில் வதைத்தது கிறிஸ்தவ சரித்திரத்தின் பெரிய அசிங்கம், வசனம் ஒரு ஆளைத்தான் சொல்கிறது.)

பிலாத்து யூதேயாவில் கி.பி. 26 இலிருந்து 36 வரை தேசாதிபதி. செசரியாவில் 1961 இல் அவன் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது, ஆகவே கதைப் பாத்திரம் இல்லை, சம்பளம் வாங்கின ஒரு உத்தியோகத்தன். மத்தேயுவில் தண்ணீர் எடுத்துக் கைகழுவி, இந்த இரத்தப்பழிக்கு நான் நீங்கலானவன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். கழுவின கையாலேயேதான் ஆளை ஒப்புக்கொடுத்தான். விளைவு என்ன? ஆராதனையில் நாங்கள் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவையும் மரியாளையும் தவிர வருகிற ஒரே மனுஷப் பெயர் அவனுடையது. பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம், காய்பாவின் பெயரைச் சொல்வதில்லை.

அதே அமைப்பைப் பழைய ஏற்பாட்டிலும் பார்க்கலாம். ஏசாயா 10 இல் அசீரியா கடவுளுடைய கோபத்தின் கோல் என்றே அழைக்கப்படுகிறது, தண்டிக்க அனுப்பினவர் கடவுள்தான். ஆனால் அந்த வசனமே அசீரியாவுக்கு ஐயோ என்றுதான் தொடங்குகிறது! அவன் மனதில் இருந்தது நீதி இல்லை, அநேகம் ஜாதிகளை அழிப்பதே அவன் நினைவு என்று ஏழாம் வசனம் சொல்கிறது. வெட்டுகிறவனுக்கு எதிராகக் கோடரி பெருமை பேசலாமோ என்று 15 ஆம் வசனம் கேட்கிறது. கி.மு. 722 அளவில் சமாரியாவை விழுத்தின அதே அசீரியாவின் நினிவே 612 இல் விழுந்தது. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களிடம் சொன்னதும் இதுதான்: நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார். கடவுள் நன்மையாக்கினார் என்பதால் அவர்கள் நினைத்தது தீமை இல்லை என்று ஆகிவிடவில்லை. யூதாசைப் பற்றி இயேசு சொன்னதும் அப்படியே, எழுதியிருக்கிறபடி மனுஷகுமாரன் போகிறார், ஆகிலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ. இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன, வேதம் அவற்றை ஒட்டவைத்துச் சமாதானம் பண்ண முயலவில்லை.

இஸ்ரவேலரை விடமறுத்த எகிப்து ராஜா பார்வோனின் இருதயத்தைக் கர்த்தர் கடினப்படுத்தினார் என்பது இதில் கஷ்டமான இடம், அதை நான் மழுப்பப் போவதில்லை. வாதைகளின் கதையில் முதலில் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்ததாகச் சொல்வது ஆறாம் வாதையில்தான் வருகிறது. ஆனால் அதற்கு முன்பே, மோசே எகிப்துக்குப் போகும் வழியிலேயே, கடினப்படுத்துவேன் என்று சொல்லியும் இருக்கிறார். முழுதாக அவிழாத முடிச்சு. ஆனாலும் அந்த யாத்திராகமத்தில் பார்வோனுடைய ஆட்களுக்கு அது சாக்காக இல்லை, முதல் அதிகாரத்திலேயே சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் ராஜ கட்டளையை மீறி ஆண்பிள்ளைகளை உயிரோடே விட்டுவிடுகிறார்கள். கவனித்தீர்களா, அந்தப் புத்தகம் பார்வோனின் பெயரைக் கடைசிவரை சொல்வதில்லை, இரண்டு மருத்துவச்சிகளின் பெயரைச் சொல்கிறது.

இப்போது உங்கள் பைலுக்கு மிகக் கிட்ட வருகிற கதைக்குப் போவோம். 1 இராஜாக்கள் 21, நாபோத்தின் திராட்சத்தோட்டம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் இஸ்ரவேலின் ராஜா ஆகாபையும் அவன் மனைவி யேசபேலையும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கிற ஆட்களை விட்டுவிடுகிறோம். ஆகாப் ஆரம்பத்தில் ஒன்றும் அடாவடி பண்ணவில்லை. அரண்மனைக்குப் பக்கத்துக் காணி, தோட்டம் போட வேண்டும், அதைவிட நல்ல தோட்டம் பதிலுக்குத் தருகிறேன், இல்லையென்றால் பெறுமதியைப் பணமாகத் தருகிறேன் என்கிறான். மாற்றுக் காணியும் நட்டஈடும்! எங்கள் மாவட்டத்தில் இந்த வார்த்தைகளைக் கேட்காத ஆள் யார்? 2006 இல் போரால் சம்பூரை விட்டுப் போன சனத்துக்கும் மாற்றுக் காணிப் பேச்சு வந்தது, எங்கள் காணிதான் வேண்டும் என்று முகாம்களில் கிடந்தவர்கள் 2015 க்குப் பிறகுதான் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். நாபோத்தும் அதைத்தான் சொன்னான், பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன். அதற்குப் பின்னால் லேவியராகமம் 25 இருக்கிறது, தேசம் என்னுடையது, அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று கர்த்தர் சொன்னது. ராஜாவுக்கும் அது பொருந்தும், அவனும் ஒரு குடியிருப்பாளன்தான்.

ஆகாப் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துவிட, யேசபேல் கடிதம் எழுதுகிறாள். ஆகாபின் பெயரில், ஆகாபின் முத்திரை போட்டு. அது நாபோத்தின் ஊரான யெஸ்ரயேலின் மூப்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் போகிறது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், ஒவ்வொரு வரியும் சட்டப்படி. உபவாசம் கூறுங்கள், கூட்டம் கூட்டுங்கள், இரண்டு சாட்சி வையுங்கள் (உபாகமம் கேட்கிற எண்ணிக்கை அது), தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று குற்றம் சுமத்துங்கள். தேவனும் ராஜாவும் ஒரே குற்றப்பத்திரிகையில்! மூப்பர்கள் என்ன செய்தார்கள்? எழுதியிருந்தபடியே செய்தார்கள் என்கிறது வேதம், அதையே இரண்டு தரம் திருப்பிச் சொல்கிறது, எங்கள் கந்தோர் பாஷையில் சொன்னால் பணிப்புரைக்கு அமைய நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர்கூட நாபோத்தை வெறுத்ததாக எழுதப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. கடிதம் வந்தது ஆகாபின் பெயரில். வேலை முடிந்ததும் நாபோத் கல்லெறியுண்டு செத்தான் என்ற செய்தியை மூப்பர்கள் யாருக்கு அனுப்புகிறார்கள்? 14 ஆம் வசனத்தைப் பாருங்கள், யேசபேலுக்கு. முத்திரை யாருடையது, கை யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராஜாவின் கட்டளை என்று நினைத்தோம் என்று பிறகு யாரும் கேட்டால் சொல்ல முடியாது. உங்களுக்கு வந்த உத்தரவு ஏன் எழுத்தில் வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும், தெரியாது என்று நீங்கள் எழுதவில்லை.

தீர்க்கதரிசி எலியா வந்து ஆகாபிடம், நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ என்று கேட்கிறான். ஆகாப் ஒரு கல்லும் எறியவில்லை, கடிதமும் எழுதவில்லை, ஆனாலும் கொலை அவன் கணக்கில். அப்போ மூப்பர்கள் தப்பினார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? பலர் இதோடு வேதாகமத்தை மூடிவிடுவார்கள். 2 இராஜாக்கள் 10 வரைக்கும் போக வேண்டும். ஆகாபின் வம்சத்தை ஒழிக்கப் படைத்தலைவன் யெகூ எழும்புகிறான், சமாரியாவில் இருந்த யெஸ்ரயேலின் மூப்பர்களுக்குக் கடிதங்கள் எழுதுகிறான். மறுபடியும் கடிதம், மறுபடியும் யெஸ்ரயேல் மூப்பர்கள், ஒருவேளை அதே ஆட்கள், ஒருவேளை அவர்களுக்கு அடுத்த தலைமுறை. ஆகாபின் எழுபது குமாரரின் தலைகளைக் கொண்டுவாருங்கள். இந்த எழுபது பேரையும் வளர்த்தவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள்தான். தலைகளைக் கூடைகளில் வைத்து அனுப்பிவிட்டார்கள். காலையில் யெகூ வாசலில் நின்று சனத்தைப் பார்த்து என்ன சொல்கிறான் தெரியுமா? என் ஆண்டவனை (ஆகாபின் மகன் யோராம் ராஜாவை) கொன்றது நான், சரி, ஆனால் இவர்கள் எல்லோரையும் கொன்றது யார்?

கட்டளை போட்டவனே அப்படிக் கேட்கிறான். கடிதம் அனுப்பினது தான் என்று ஒரு சொல் இல்லை. நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கினவன், வாய்மொழி உத்தரவு என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. நாளைக்கு இந்தக் காணிப் பிரச்சினை நீதிமன்றம் போனால், மனித உரிமை ஆணைக்குழு போனால், பைலைத் திறந்து பார்க்கும்போது அதில் இருப்பது உங்கள் எழுத்து, உங்கள் பெயர், நீங்கள் போகாத ஒரு திகதி. மேலே இருந்தவர், கள அறிக்கையின் அடிப்படையில் தீர்மானித்தேன் என்பார். யெகூவும் அதே வகை.

இதை நான் சும்மா நீதிக்கதையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊரில் பொறுப்பு என்ற சொல்லுக்கு ஒரு பாரம் இருக்கிறது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு வருடக்கணக்காக இழுபட்டு, 2019 இல் சந்தேகநபர்களான விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். அப்படியொரு ஊரில் நின்றுகொண்டு, ஆளுகிறவன் தீமை செய்கிறவனுக்கு எதிராகப் பட்டயம் பிடித்திருக்கிறான் என்ற வசனத்தைப் பிரசங்கிக்கிறவர், அந்த வசனம் ஆளுகிறவனிடமும் கேள்வி கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பிரசங்கிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதை.

கிறிஸ்தவர்கள் என்ற முறையில் எங்கள் பக்கத்துக் கணக்கும் சின்னதில்லை. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள், கடவுள் கொடுத்த அதிகாரம் தங்களுக்கு இருக்கிறது என்றுதான் செய்தார்கள். 1455 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் போர்த்துக்கல் அரசனுக்குக் கொடுத்த ஆணைப்பத்திரம் போன்றவைதான் அந்த எண்ணத்துக்கு அத்திவாரம். அப்படியான ஆணைகளின் மேல் கட்டின கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாகத் தள்ளிவைத்தது 2023 இல். ஐந்நூற்றுச் சொச்சம் வருடம்! ஆகவே ரோமர் 13 ஐத் தப்பாகப் பிடிக்கிற வியாதி அரசாங்கத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம், தேவாலயத்துக்கு அது பழைய வியாதி. தீர்க்கதரிசி ஆமோஸை பெத்தேலை விட்டுத் துரத்தின ஆசாரியன் அமத்சியா சொன்ன காரணமும் இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்பதுதான்.

சரி, அப்போ என்ன செய்வது, வேலையைத் தூக்கி எறிவதா? அவசரப்படாதீர்கள். நாபோத் செத்த அதே ஆகாபின் ஆட்சியில் ஒபதியா என்று ஒரு ஆள் இருந்தான், அரண்மனை விசாரிப்புக்காரன், பெரிய உத்தியோகம். யேசபேல் தீர்க்கதரிசிகளை வேட்டையாடினபோது நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் குகைகளில் ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். பஞ்ச காலத்தில். அப்பம் எங்கே இருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு, அரண்மனைக் களஞ்சியமாகவும் இருக்கலாம், வேதம் சொல்லவில்லை. அவன் இராஜிநாமா பண்ணவில்லை, எலியாவும் பண்ணு என்று சொல்லவில்லை. பெரிய வீரனும் இல்லை, எலியாவைக் கண்டதும் என்னைக் கொல்லப் பார்க்கிறீரா, ஆகாப் என்னை விடமாட்டான் என்று மூன்று தரம் புலம்புகிறான். பயந்த மனுஷன், சம்பளக்காரன், அந்தக் கதவால் தீமை உள்ளே வரவிடாமல் நின்றவன். யெஸ்ரயேல் மூப்பர்களுக்கும் ஒபதியாவுக்கும் ஒரே ராஜா, ஒரே ஆட்சி, ஒரே பயம்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. முதலில் அந்தக் காணிக்கு உண்மையாகவே போங்கள், கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு, திகதி போட்டு, கண்டதை எழுதுங்கள். வேலி இருந்தால் வேலி, தென்னை இருந்தால் தென்னை, பற்றை மண்டிக் கிடந்தால் அதையும் எழுதுங்கள், அந்தப் பெரியவருக்குச் சாதகமாகப் பொய் எழுதுவதும் பொய்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த பேர்மிட்டை ரத்துச் செய்ய ஒரு முறை இருக்கிறது, அறிவித்தல் கொடுத்து விசாரிக்க வேண்டும், அந்த முறை நடக்கட்டும். வேறு மாதிரி எழுதச் சொன்னால், ஐயா இதை எழுத்தில் தந்துவிடுங்கள், பைலில் போட்டுவிட்டுச் செய்கிறேன் என்று மரியாதையாகக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், அதிகாரிகளைக் கனம்பண்ணச் சொல்கிற ரோமர் 13 அங்கே பொருந்தும். பவுல் பிலிப்பியில் கேட்டதும் இதுதான், அவர்களே வரட்டும். பத்தில் ஏழு தரம் விஷயம் அதோடு படுத்துவிடும், எழுத்தில் கொடுக்க யாருக்கும் கை வராது. மற்ற மூன்று தரம் படுக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படுக்காவிட்டால் வருவது தூர இடத்து இடமாற்றம், நின்றுபோன சம்பள ஏற்றம், ஏதாவது ஒரு விசாரணைக் கடிதம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. தானியேல் 3 இல், ராஜாவின் சிலையை வணங்க மறுத்ததால் அக்கினிச் சூளையில் போடப்பட்ட மூன்று பேரும் எங்கள் தேவன் தப்புவிப்பார் என்று சொல்லிவிட்டு, விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள், அந்த இரண்டாவது பாதியை வேதம் வெட்டவில்லை. சிலருக்கு அக்கினியில் நாலாவது ஆள் வருகிறார், நாபோத்துக்கு வரவில்லை. ஒபதியாவுக்கும் நூறு பேருக்கு அப்பம் கொண்டுபோக ஆட்கள் தேவைப்பட்டிருக்கும், தனியாக அவ்வளவையும் சுமந்திருக்க முடியாது. ஆகவே மூன்றாவது கேள்வியை உங்கள் தலையில் மட்டும் வைக்காதீர்கள், அதைச் சபைக்குக் கொண்டுபோங்கள். உனக்கு நட்டம் வந்தால் எங்களில் யார் எவ்வளவு பொறுப்பேற்போம் என்று, உங்களுக்கு ரோமர் 13 வாசித்துக் காட்டின மூத்தவரும் இருக்கும்போதே, சபைக் கமிட்டியில் கேளுங்கள். சம்பள ஏற்றம் நின்றால் மாதம் எவ்வளவு குறையும் என்று முதலே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தொகை இல்லாத கேள்விக்குக் கமிட்டியில் ஜெபம் மட்டும்தான் கிடைக்கும்.